மேட்டர்ஹார்னும் பாட்டாவோட திளாப்பும்

போன ஞாயித்துக்கிழமை மருந்துவாழ் மலை ஏறிட்டு வந்து முட்டு ரெண்டும் கழண்டு கெடக்கேன், சும்மா படுத்துக்கிட்டே போன்ல மேட்டர்ஹார்ன் பத்தி வாசிச்சேன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவுல 4478 மீட்டர், டோப்லரோன் சாக்லேட் அட்டையில ரொம்ப வருசமா இருந்துச்சே, அந்த மூக்கு மாதிரி மலைதான்.

1865 ஜூலை 14 அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஆளு ஏறுனது. எட்வர்ட் விம்ப்பர்னு ஒரு இங்கிலீஷ்காரர், அதுக்கு முன்ன பல தடவ முயற்சி பண்ணி தோத்தவரு, மொத்தம் ஏழு பேரா சுவிஸ் பக்கத்து செர்மாட் ஊரு வழியா ஏறிட்டாங்க. அதே நாள் இத்தாலி பக்கமா ழான் அந்துவான் காரெல் கோஷ்டியும் ஏறிட்டு இருக்கு, அவங்க கண்ணுல படணும்னு மேல நின்னு கல்லை உருட்டி விட்டிருக்காங்க இவங்க! பெரிய மனுசங்க செய்ற வேலையா இது. பாவம் காரெல் அன்னைக்கு திரும்பிட்டாரு, 17-ம் தேதிதான் ஏறுனாரு.

எறங்கும்போதுதான் போச்சு. ஹாடோன்னு 19 வயசுப் பையன், பழக்கம் இல்லாதவன். முன்னால போன கைடு மிஷெல் குரோ கோடாலிய ஒதுக்கி வெச்சுட்டு அவன் காலை ஒண்ணொண்ணா புடிச்சு பாறையில வெச்சு விட்டாராம், அவன் சறுக்கி குரோ மேலயே விழ, எல்லாரும் ஒரே வரிசையா கயிறுல கட்டியிருந்ததால பின்னால வந்த ஹட்சன், டக்ளஸ் ரெண்டு பேரையும் கயிறு இழுத்துட்டு போயிருச்சு. டக்ளசுக்கும் அவருக்குப் பின்னால வந்த இன்னொரு கைடு பெரிய டவ்க்வால்டருக்கும் நடுவுல கயிறு அறுந்துச்சு, அதனாலதான் மிச்ச மூணு பேரு பொழச்சாங்க. டக்ளஸ் உடம்பு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. டவ்க்வால்டர்தான் அறுத்து விட்டாருன்னு பேச்சு வந்து, விசாரணையில தப்பில்லன்னு விட்டுட்டாங்க, ஆனாலும் ஊரு வாயை மூட முடியுமா.

விஷயம் என்னன்னா, கொண்டு போன மூணு வகை கயிறுல அறுந்தது இருக்கதுலயே லேசானது.

எங்க பாட்டா பனையேறி. இப்போ ஏறது இல்ல, ஆனா பனையேறும்போது காலுல மாட்டுற நார் வளையம், அதான் திளாப்பு, அதுவும் முருக்குத்தடியும் திண்ணையில இன்னும் தொங்குது. ஏறுன காலத்துல காலையில எழும்புன ஒடனே திளாப்ப முட்டுல மாட்டி இழுத்துப் பாப்பாரு, நார் ஒண்ணு பிரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு மரத்துப் பக்கமே போக மாட்டாரு. அவர்கிட்ட இந்தக் கதைய சொல்லி, செர்மாட் மியூசியத்துல வெச்சிருக்க அந்த அறுந்த கயிறு படத்தையும் காட்டுனேன். கண்ணாடிய போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பெருசாக்கிப் பாத்தாரு.

"நல்ல கயிறு கையில இருந்துச்சா மக்ளே?"

"இருந்துச்சு பாட்டா."

"பின்ன என்ன எளவுக்கு இத கட்டுனான்?"