29ஆ, 31ஆ?

சம்பளத் தொகையில் தப்பு வந்தால் அடுத்த மாதம் அரியர் போட்டுச் சமாளித்துவிடலாம். தேதியில் தப்பு வந்தால் அன்றைக்கே போன் அடிக்கும். பேரோலில், அதாவது சம்பளம் போடும் வேலையில், உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசி நாளில். அதனால் மென்பொருளின் சம்பளக் காலண்டரில் பேமென்ட் தேதியை 29, வெள்ளிக்கு மாற்றினேன். திரையில் 29. பேஸ்லிப்பிலும் 29. லாக் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை எல்லோருக்கும் பேஸ்லிப் போய்ச் சேர்ந்தது. பணம் போகவில்லை. "ஸ்லிப் வந்துடுச்சு, காசு வரலையே?" என்று முதல் போன். அப்புறம் வரிசையாக.

காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், 29தான். கடைசியில் வங்கிக்கு அனுப்பிய ஃபைலைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே 31 என்று இருந்தது. தேதியை மாற்றுவதற்கு முந்தின நாளே ஃபைலை உருவாக்கி வைத்திருந்தேன். ஐஎஸ்ஓ 20022 என்ற சர்வதேச வங்கிச் செய்தி முறையில் வரும் பேமென்ட் ஃபைலில், பணம் எந்த நாளில் போகவேண்டும் என்பதற்குத் தனி இடம் உண்டு. ஒருமுறை எழுதிய ஃபைல் எழுதியதுதான். பிறகு காலண்டரில் என்ன மாற்றினாலும் அது அசையாது. வங்கி பார்ப்பது ஃபைலை, என் திரையை அல்ல. பழையதை ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்சி, புதியதை அனுப்பி, பணம் சேர மாலையாகிவிட்டது.

இன்னொரு குழப்பம் ப்ராசஸ் தேதியில். புதிதாகச் சேர்ந்த தம்பி அதையும் பேமென்ட் தேதியையும் ஒன்றென்றே நினைத்திருந்தான். ப்ராசஸ் தேதி என்பது நாம் கணக்குப் போட்ட நாள், அவ்வளவுதான். ஊழியருக்கும் வரித்துறைக்கும் முக்கியம் பேமென்ட் தேதி. அமெரிக்காவில் வரியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பரில் பார்த்த வேலைக்கு ஜனவரி 2 அன்று சம்பளம் கொடுத்தால் அது புது ஆண்டின் வருமானம். ஜனவரி 1 அன்று தரவேண்டிய சம்பளத்தை, விடுமுறை என்று ஒருநாள் முன்னால் நகர்த்தினாலோ பழைய ஆண்டுக்குப் போய்விடும். ஒரே ஒரு நாள்தான், ஆனால் ஆண்டுக் கணக்கே மாறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் இடங்களில் வேறு தொல்லை: 26 முறை கொடுத்தால் 364 நாள்தான் ஆகிறது, மிச்சம் சேர்ந்து சேர்ந்து சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை 27வது சம்பளம் வந்து நிற்கும். போன வருடக் காலண்டரை அப்படியே காப்பி எடுப்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

இப்போது பேஸ்லிப் தானாகப் போகும் வசதியை நிறுத்திவிட்டேன். ஃபைலை ஏற்றுக்கொண்டதாக வங்கியிலிருந்து பதில் வரவேண்டும், அதில் உள்ள தேதியும் பேஸ்லிப் தேதியும் ஒன்றா என்று கண்ணால் பார்க்கவேண்டும், அப்புறம்தான் வெளியிடுகிறேன். கொஞ்சம் மெனக்கெடல்தான். "சிஸ்டமே பார்த்துக்காதா அக்கா?" என்று தம்பி கேட்கிறான். அந்த வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கு வந்திருக்கவில்லை.

2026 மே 31 மறுபடியும் ஞாயிறு. காலண்டரில் 29 என்று இப்போதே மாற்றியாயிற்று. ஃபைல் மட்டும் இன்னும் போடவில்லை.