கவனக்குறைவு என்று எழுதினேன்

எங்கள் ஜவுளிக்கடையின் விபத்து அறிக்கையில், விபத்து எவ்வாறு நேர்ந்தது என்று கேட்கும் இடத்தில், "ஏணியிலிருந்து இறங்கும்போது கவனக்குறைவால் கால் தவறி விழுந்தார்" என்று எழுதியவன் நான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், பரணிலிருந்து புடவைப் பண்டலை எடுக்கும்படி விற்பனைப் பெண்ணிடம் சொன்னவனும், கீழே நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய பையனை பில் போடும் இடத்திற்கு அனுப்பியவனும் நானே. அவற்றை அறிக்கையில் எழுதவில்லை.

பண்டலை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் இறங்கினார். ஏணியைப் பற்றக் கை இல்லை. காலடியைப் பண்டல் மறைத்தது. தரை வந்துவிட்டதென்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் இன்னும் ஒரு படி இருந்தது. விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டோடு கையெழுத்திட வந்தவர் அறிக்கையைப் படித்துவிட்டு, "சார், நான் பார்த்துதானே இறங்கினேன்?" என்று கேட்டார். "பணத்துக்கு ஒண்ணும் பாதகம் வராதும்மா" என்றேன். நான் சொன்னது உண்மை. வேலையின்போது பட்ட காயமென்றால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. மருத்துவர் சான்றளித்த நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும், அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வேறு விதமாக எழுதியிருந்தால் நிர்வாகம் என்னைத்தான் கேட்டிருக்கும், ஆள் பற்றாக்குறைக்கு நான் மட்டும் பொறுப்பில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் அன்று. ஆயினும், கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், எங்கள் பிரிவின் இரண்டு ஸ்டூல்களிலும் அன்று புடவைகளே அடுக்கப்பட்டிருந்தன. காலையிலிருந்து நின்ற கால்கள் மாலையில் படியைத் தவறவிட்டதைக் கவனக்குறைவு என்று சொல்லலாமா என்பதில் இன்றும் எனக்குத் தெளிவில்லை.

ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் நிற்க வேண்டுமென்று பிறகு விதி செய்தேன். அவரும் வேலைக்குத் திரும்பி, மறுபடி ஏறுகிறார். பண்டலைத் தொடுமுன், "சார், கீழ யாரு வாங்குறாங்க?" என்று மேலிருந்து கேட்பார். பெரும்பாலும் நானே போய்க் கையை நீட்டுகிறேன். போன தீபாவளி நெரிசலில் இருமுறை, "கொஞ்சம் பார்த்து இறங்கும்மா" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டேன்.