கழிப்பறைச் சாவியும் கால்புரோடெக்டினும்

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறையைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். சாவி அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்தாவது தடவை கேட்கும்போது அலுவலக உதவியாளர் அண்ணன் சாவியை நீட்டிக்கொண்டே முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து காலையில் பட்டினியாகவே வேலைக்குப் போன மாதங்கள் உண்டு.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்சுவரைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். ஒட்டிக்கொள்ளாது, காரம் சாப்பிட்டு வந்ததும் இல்லை. இந்தப் பெயர் தெரியவே ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அதில் பாதிப் பழி என் வாய்க்குத்தான்.

முதலில் ரத்தம் பார்த்தது மாதவிலக்கு நாளில். அதுதான் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "சூடுடி" என்றார். வெந்தயத் தண்ணீர், இளநீர், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. அப்புறம் ஒரு மருத்துவரிடம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது, வெளியே பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலத்தில் ரத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்பப்ப லூஸ் மோஷன் சார்" என்றேன். சீதபேதிக்கு மாத்திரை கிடைத்தது. இன்னொருவரிடம் ரத்தத்தை மட்டும் சொன்னேன், வயிற்றுப்போக்கைச் சொல்லவில்லை. மூலம் என்று களிம்பு கொடுத்தார். சொன்னதற்குத்தானே மருந்து!

ஒருநாள் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே வகுப்பில் சரிந்தேன். ஹீமோகுளோபின் 7.2 இருந்தது. அதற்குப் பிறகுதான் மதுரையில் குடல் நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுதா? வந்தா அடக்க முடியுதா? போய்ட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா?" காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்பது போல அவ்வளவு சாதாரணமாக. நான் அழுதுவிட்டேன்.

கொலோனோஸ்கோப்பியை, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். பரிசோதனையின்போது மயக்கத்தில் இருப்போம். கொடுமை முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் தண்ணீர்தான். குளிரவைத்து, எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொஞ்சம் இறங்கும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, அமீபாவும் இல்லை, குடல் காசநோயும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மருந்து ஆரம்பித்தார்கள்.

குடல் புண்ணை ஆற்றும் மெசலமைன் மாத்திரை, இரவில் ஆசனவாயில் வைக்கும் மருந்து, தினம் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும், திடீரென்று நிறுத்தவே கூடாது. முகம் பூரியாக உப்பியது. ஒரு கல்யாணத்தில் பெரியம்மா, "இப்பதான் கன்னம் வச்சு லட்சணமா இருக்கே" என்று திருஷ்டி கழித்தார். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியெடுத்ததால், அதை ரத்தக்குழாய் வழியாக டிரிப்ஸில் ஏற்றினார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது.

நன்றாகிவிட்டதே என்று மெசலமைனை நானாகவே நிறுத்தினேன். நான்காம் மாதம் பழைய கதைக்கே திரும்பினேன். எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் மாத்திரையும் சேர்ந்தது, அதற்காக அடிக்கடி ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்ப்பதும் சேர்ந்தது.

எனக்கு மிகவும் உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கம் எத்தனை தடவை, ரத்தம் உண்டா என்று எழுதுவேன். எதிர்ப்பக்கம் மாதவிலக்குத் தேதி. மூன்று மாதம் எழுதிய பிறகு பார்த்தால், விலக்கான முதல் இரண்டு நாளும் நாலைந்து தடவை கூடுதலாகப் போகிறது, ரத்தம் மட்டும் மலத்தில் இல்லை. கருப்பையைச் சுருங்க வைக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் குடலையும் முடுக்கிவிடுமாம். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு மாதமும் நோய் திரும்பிவிட்டது என்று கதிகலங்கியிருந்தேன். சந்தேகம் வந்தால் மலத்தில் கால்புரோடெக்டின் பார்ப்பார்கள், குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் அது. 50க்குக் கீழே என்றால் நிம்மதி, 250க்கு மேலே என்றால் குடலில் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 40 வந்தது. விலக்கு வலிக்கு இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் நோயைக் கிளப்பலாம், பாராசிட்டமால் போதும் என்று தெரிந்ததும் அந்த நோட்டைக் காட்டிய அன்றுதான்.

மதுரையில் காத்திருக்கும் பெஞ்சில் ஒருவர் பழக்கமானார். சிவகாசி அக்கா, அவருக்குக் கிரோன் நோய், என் நோய்க்குச் சொந்தக்கார நோய். பையில் மாற்று உள்ளாடை, பேருந்தில் கதவுப் பக்கத்து இருக்கை, வழியில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தம் என்பதெல்லாம் அவர் கற்றுக்கொடுத்த பாடம். எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்வேன். போனில் முதல் வார்த்தையே "எத்தனை?"தான். "ரெண்டு" என்றால் அன்றைக்கு நல்ல நாள்.

குழந்தை விஷயம் வந்தபோது வீட்டில் புயல். "மாத்திரைய முழுங்கிக்கிட்டுப் பிள்ளை பெத்தா என்னத்துக்கு ஆகும்?" என்றார் அத்தை. நான் வாதாடவில்லை, அடுத்த முறை அவரையே கூட்டிப்போனேன். மருத்துவர் என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினார். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கட்டும், பிறகு முயற்சி செய்யலாம், இவள் சாப்பிடும் மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம், நிறுத்தி நோய் கிளம்பினால்தான் குழந்தைக்கு ஆபத்து என்றார். கர்ப்பத்தில் ஆகவே ஆகாத மருந்துகளும் உண்டாம், மெத்தோட்ரெக்சேட் அதில் ஒன்று. அத்தை பேருந்தில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து, "மாத்திரை போட்டியா?" என்று துரத்த ஆரம்பித்தார். அந்தத் தொல்லைக்குப் பழைய சண்டையே தேவலாம்!

தலைமையாசிரியையிடம் சொல்லத்தான் கடைசியாகத் துணிச்சல் வந்தது. "தொத்துமா?" என்றார். "தொத்தாது மேடம்." "அப்ப என்ன, ஒரு சாவி போட்டுக்க வேண்டியதுதானே?" இரண்டு வருடப் பயம் அரை நிமிடத்தில் முடிந்தது, எனக்குக் கோபம்கூட வந்தது. பேருந்து நிலையத்தருகே பூட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி செய்தேன்.

இப்போது ஏழாம் மாதம், நோய் அமைதியாக இருக்கிறது. பிரசவ விடுப்புக்கு முந்தின நாள் கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க வர்ற வரைக்கும் அந்தச் சாவிய நான் வச்சிருக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். கையில் கொடுத்தேன். சிவகாசி அக்காவின் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.