ஜோங்மியோவில் திதி கிடையாது

ஏப்ரல் 27
அமாவாசை. கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, காணாமல் போன சின்னண்ணன் பெயரையும் சொல்லலாமா என்று அம்மா கேட்டாளாம். பெரியண்ணன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அண்ணி, சின்னண்ணன் மனைவி, அடுப்படியில்தான் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 29
செவ்வாய்க்கிழமை ஜோங்மியோவுக்கு விடுமுறை. சியோலில், கொரிய அரசர்களின் முன்னோர் கோயில் அது. வெளியே கிழவர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 30
மாதத்தின் கடைசிப் புதன், வழிகாட்டி இல்லாமலே உள்ளே விடுகிறார்கள். வாசலிலிருந்து கல் பாதை மூன்றாகப் பிரிந்து போகிறது. கிழக்குப் பக்கம் அரசருக்கு, மேற்குப் பக்கம் பட்டத்து இளவரசருக்கு. சற்று உயர்ந்த நடுப்பாதை இறந்தவர்களுக்கு; அதில் நடக்கக் கூடாது. ஒரு கூட்டம் அதன்மேலேயே நின்று படம் எடுத்துக்கொண்டது. கால் கூசியது எனக்குத்தான்.

பெரிய மண்டபம் 101 மீட்டர் நீளம். சிலை இல்லை, படம் இல்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் 19 அறைகள், இறந்தவர் பெயர் எழுதிய 49 மரப்பலகைகள்: ஜோசன் வம்சத்து அரசர்கள் 19 பேர், அரசிகள் 30 பேர். பல ஆண்டுப் பழுதுபார்ப்பு முடிந்து, இந்த 20ஆம் தேதிதான் பலகைகள் சாங்டோக் அரண்மனையிலிருந்து ஊர்வலமாகத் திரும்பியிருக்கின்றன. பார்க்க ஒன்றுமில்லை என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கோ கிளம்பவே மனம் வரவில்லை.

பலகையில் ஒரு துளை இருக்கிறதாம், உயிர் வந்து போக. உடல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித் திதிகூட வேண்டாம். மே முதல் ஞாயிறு எல்லாருக்கும் சேர்த்துப் படைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னால் பிடித்துக்கொள்வாள். சொல்லப் போவதில்லை.

மே 1
வக்கீலிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 2
மறுபடியும் போனேன், இம்முறை வழிகாட்டியுடன். மேற்கே இருக்கும் சிறிய மண்டபத்தில் தன்ஜோங் இருக்கிறான். சிறுவன். சித்தப்பா சேஜோ 1455இல் அரியணையைப் பறித்துக்கொண்டார்; 1457இல், நாடுகடத்தப்பட்ட இடத்திலேயே பையன் செத்தான். அரசன் என்று மறுபடி ஏற்று இங்கே இடம் கொடுத்தது 1698இல். 241 ஆண்டுகள்! சேஜோவுக்கோ பெரிய மண்டபத்திலேயே அறை. யொன்சன்குன், குவாங்ஹேகுன் இருவரும் ஆண்டவர்கள்தாம், ஆனால் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர்கள் என்பதால் பலகையே கிடையாது. யாரைச் சேர்ப்பது என்பதை இருக்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறார் வக்கீல். தன்ஜோங்குக்காவது செத்தது உறுதி.

மே 3
அண்ணி வீடியோவில் வந்தார். அங்கே குளிரா, சாப்பாடு எப்படி, அவ்வளவுதான். பொட்டு எப்போதும்போலப் பெரிதாக.

மே 4
முதல் ஞாயிறு படையல். காலையில் சிறிய மண்டபத்தில், மதியம் பெரியதில். இன்று கதவுகள் திறந்திருந்தன. அந்த அரசர்களின் வழிவந்த ஜொஞ்சு யீ வம்சத்தார் ஒவ்வோர் அறையிலும் மூன்று முறை மது வைத்து வணங்கினார்கள். பச்சை இறைச்சியும் வேகாத தானியமும் படையலில் இருந்தன. 1464இலிருந்து இங்கே வாசிக்கும் இசையாம். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அத்தனை இடைவெளி, முதலில் எரிச்சல்தான் வந்தது. போகப் போக அதுவே பழகிவிட்டது. 64 பேர் எட்டுக்கு எட்டாக நின்று ஆடினார்கள்; ஆட்டம் என்றா சொல்வது, குனிந்து நிமிர்வதுதான். முடிவில் வேண்டுதல் ஓலையை எரித்தார்கள். வெயிலில் தலைவலி. இருந்தும் கடைசி ஆள் போகும்வரை நின்றேன்.

ஒரு வயதான அம்மாள் முறுக்கு மாதிரி ஏதோ நீட்டினார். பெயர் தெரியவில்லை, இனிப்பு.

மே 5
நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, இனி ஜூனில்தான். அடுத்த அமாவாசைக்குள் ஒரு முடிவு சொல் என்று அம்மா குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். நான் யார் சொல்ல? பெரியண்ணன் யார்? அண்ணியிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நாளை நானே கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று அம்மாவுக்குப் பதில் போட்டுவிட்டேன். உடனே அவள் அழைத்தாள். எடுக்கவில்லை.