படிவத்தில் இனிஷியலுக்கு இடமில்லை

உங்கள் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். தனிநபர் என்றால் நான்காவது எழுத்து 'பி'. அடுத்து நிற்பது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு அங்கே என்ன எழுத்து விழும்? சுப்பிரமணியன் மகன் முருகனுக்குப் பெரும்பாலும் 'எஸ்'. வருமானவரித் துறைக் கணக்கில் அவர் மிஸ்டர் சுப்பிரமணியன். அப்பா பெயரைப் போடாமல் விண்ணப்பித்திருந்தால் 'எம்'. பிறகு பெயரைத் திருத்தினாலும் எண் மாறாது, அந்த எழுத்தும் அப்படியே கிடக்கும்.

2021 ஜூனில் புதிய வருமானவரித் தளம் வந்தபோது நாடே திட்டியது. அதன் கோளாறும் கோவிடும் சேர்ந்து, ஜூலை 31 என்ற கடைசித் தேதி அந்த வருடம் டிசம்பர் 31 வரை போனது. அந்தக் கோளாறுகள் பெரும்பாலும் சரியாகிவிட்டன. இனிஷியல் தகராறு மட்டும் தீரவில்லை. தளத்தைப் பொறுத்தவரை அது கோளாறே இல்லையே!

பான் விண்ணப்பத்தில் பெயருக்கு மூன்று பெட்டிகள்: லாஸ்ட் நேம், ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம். இதில் லாஸ்ட் நேம் கட்டாயம், இனிஷியல் கூடாது. அதனால் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து 'சுப்பிரமணியன்' என்று விரிந்து லாஸ்ட் நேமில் உட்கார்ந்துகொள்ளும். அதே படிவத்தில் 'கார்டில் எப்படி அச்சாக வேண்டும்' என்று கேட்கும் இன்னொரு இடம் உண்டு. அங்கே சுருக்கி எழுதலாம். கையில் இருக்கும் கார்டில் 'எஸ் முருகன்' என்றும், துறையின் பதிவேட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்றும் இருப்பது உண்டு. கார்டைப் பார்த்து 'எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே கார்டை நம்பாதீர்கள். தளத்தில் லாகின் செய்து 'மை ப்ரொஃபைல்' பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லாகின் இல்லாதவர்கள் முகப்புப் பக்கத்தில் 'வெரிஃபை பான் ஸ்டேட்டஸ்' சேவையைத் திறந்து பான், முழுப் பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்துப் பார்க்கலாம். விவரம் பொருந்தினால் அப்படியே சொல்லிவிடும். பொருந்தவில்லை என்றால் அப்பா பெயரை விரித்து, முன்பின் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் 'அரசாங்கப் பெயர்'. அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

முதல் மோதல் ஆதாரோடு. ஆதாரில் இனிஷியல் தாராளமாக நடக்கும், 'முருகன் எஸ்' என்றே இருக்கும். பான்–ஆதார் இணைப்பில் பெயர் லேசாக மாறினால் ஓடிபியோடு தாண்டிவிட வாய்ப்பு உண்டு. பிறந்த தேதியும் பாலினமும் மட்டும் துளியும் மாறக் கூடாது. இன்னும் இணைக்காமல் பான் செயலிழந்து கிடப்பவர்கள் தளத்தின் 'இ-பே டேக்ஸ்' பகுதி வழியாக 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். 'அதர் ரிசீட்ஸ் (500)' என்ற தலைப்பின் கீழ் அது வரும். பணம் கட்டுவதற்கு முன்பே பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு பெயர் பொருந்தாமல் இணைப்பு தோற்றாலும், திருத்திவிட்டு அதே சலானை வைத்து மறுபடி முயலலாம். இரண்டாவது தடவை கட்டாதீர்கள். பான் செயலிழந்திருக்கும் வரை ரீஃபண்ட் (கூடுதலாகக் கட்டிய வரி திரும்புவது) வராது, டிடிஎஸ்ஸும் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) கூடுதல் விகிதத்தில் பிடிப்பார்கள்.

எதைத் திருத்துவது, ஆதாரையா பானையா? ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே அதில் கைவைக்குமுன் யோசியுங்கள். பானைத் திருத்துவதென்றால் திருத்தப் படிவத்தின் இடது ஓரத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மாற்ற வேண்டியதற்கு நேரே டிக் போடாவிட்டால், பெயரைச் சரியாக எழுதியிருந்தாலும் மாறாது. ஊரில் பாதித் திருத்தம் வீணாவது இந்த டிக் விட்டுப்போவதால்தான்.

இரண்டாவது மோதல் வங்கியோடு. ரீஃபண்ட் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். தளத்தில் சரிபார்த்து, 'நாமினேட் ஃபார் ரீஃபண்ட்' பொத்தானைப் போட்டு வைத்த கணக்குக்குத்தான் பணம் வரும். 'மை பேங்க் அக்கவுண்ட்' பக்கத்தில் கணக்கைச் சேர்த்தால் விவரம் வங்கிக்குப் போகும். பாஸ்புக்கில் 'எஸ் முருகன்', பானில் 'முருகன் சுப்பிரமணியன்' என்றால், வங்கியைப் பொறுத்து 'வேலிடேஷன் ஃபெயில்டு' என்று திரும்பி வரலாம். காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அதே கணக்கைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதில் பயனில்லை. பான் நகலோடு கிளைக்குப் போய், கேஒய்சி படிவத்தில் பெயரைப் பானில் உள்ளபடி மாற்றக் கேளுங்கள். கணக்கில் பான் எண் ஏறியிருக்கிறதா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். பழைய சேமிப்புக் கணக்குகள் பலவற்றில் ஏறியிருக்காது. வங்கி ஏற்றிய பிறகு தளத்தில் 'ரீவேலிடேட்' கொடுத்தால் போதும்.

பெயர் சரியாக இருந்தும் தோற்றால் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பாருங்கள். வங்கிகள் இணைந்தபோது அது மாறியிருக்கும். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது, அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய காசோலையைப் பார்த்துக் குறியீட்டை அடித்தால் வேலைக்கு ஆகாது.

பெண்களுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. பானில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல், சம்பளக் கணக்கில் வேறொன்று. இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் அப்பா இனிஷியலையே விட்டுவிடுவது நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழை வைத்துப் பான், ஆதார், வங்கி மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ரிட்டர்ன் போடாதீர்கள்.

கடைசியில் இ-வெரிஃபை, அதாவது ரிட்டர்ன் போட்டது நாம்தான் என்று உறுதிசெய்வது. 2022 ஆகஸ்ட் 1 முதல் இதற்கு ரிட்டர்ன் போட்டதிலிருந்து 30 நாள்தான், முன்பு 120 நாள். ஆதார் ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும், தளத்தில் கொடுத்த எண்ணுக்கு வராது. பெற்றோருக்கு ரிட்டர்ன் போடும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வார்கள்: தளத்தில் பிள்ளையின் எண், ஆதாரில் எப்போதோ தொலைந்த சிம். நெட் பேங்கிங் வழியாக உள்ளே வந்து வெரிஃபை செய்யலாம். வங்கிக் கணக்கு வழியாக வெரிஃபை செய்யும் குறியீடு பெற வேண்டுமானால் வங்கியிலும் தளத்திலும் ஒரே மொபைல் எண் இருக்க வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் ரிட்டர்னின் ஒப்புகையான ஐடிஆர்-வி தாளை அச்செடுத்து, கையெழுத்திட்டு, துறையின் பெங்களூரு மையத்துக்கு (அஞ்சல் குறியீடு 560500) தபாலில் அனுப்பலாம். 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அந்தப் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்டால் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் அடியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரீஃபண்ட் தோற்றிருந்தால் 'சர்வீசஸ்' பகுதியில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை கொடுக்க வேண்டும். எந்த வருடத்து ரிட்டர்ன், சரிபார்த்த எந்தக் கணக்கு என்று இரண்டையும் தேர்ந்தெடுத்த பிறகு, அதையும் இ-வெரிஃபை செய்யச் சொல்லும். ஆதார் சிம் கையோடு இருக்கட்டும்.