அத்தையின் பைண்டு புத்தகங்கள்

ஆகஸ்ட் 1, 2024, வியாழன்

மழைக்கு முன் தளத்து ஒழுகலைப் பார்த்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பரணை ஒழிக்கச் சொன்னார். அவர் அம்மாவின், அதாவது என் அத்தையின், டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே பழைய புடவைகள் இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், அடுக்கடுக்காகப் பைண்டு புத்தகங்கள். வார இதழில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு போடுவது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் ஒரே வீட்டில் இத்தனை தொகுதிகளை நான் பார்த்ததில்லை. விகடன், குமுதம், கல்கி மூன்றும் கலந்து கிடக்கின்றன. கல்கி இதழ் தொடங்கியதும் இதே ஆகஸ்ட் 1தான், 1941இல். 2020இல் கொரோனா வந்தபோது அச்சில் நின்றது. இன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கங்கள் கைக்கு வந்தது எனக்கு ரொம்பவே சந்தோஷம்.

தாள்கள் நன்றாகப் பழுத்துவிட்டன. வார இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகிவிடும். அமிலம் ஏறி, மடித்தால் ஒடியும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டது. பின் அடித்த கம்பிகள் துருவாகி, அதைச் சுற்றித் தாளில் காவிக் கறை. முதுகுப் பக்கப் பசையை இராமபாணப் பூச்சி அரித்துத் தின்றிருக்கிறது. மாவுப் பசை என்றால் அதற்கு உயிர்.

“பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாமா?” என்று வீட்டுக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“என்னையும் சேத்துப் போட்டுடு” என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். பழைய வண்ணாரப்பேட்டையில் ஆற்றுக்கு எங்கே போவது? குழாயடியில் மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டோம். அந்தக் குழாயிலும் விடியற்காலையில்தான் தண்ணீர் வந்தது. அதுவும் நூல் மாதிரி. குடம் நிறைவதற்குள் ஒரு சிறுகதையே படித்துவிடலாம். நான் படித்தும் விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என் குடத்தை நகர்த்திவைத்து உதவினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. மாமாவுக்குப் படைத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, மதியம் சாப்பிட்ட பிறகு அத்தை பெட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இருப்பதிலேயே தடிமனான தொகுதியை எடுத்து என் மடியில் வைத்தார். “படி. எனக்கு இந்தச் சின்ன எழுத்து இப்ப தெரியல.”

வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கதை 1984, 85 காலத்தது. ஒரு வீடு, அண்ணன் தம்பிகள், கல்யாணமாகாத ஒரு தங்கை, வீட்டுப் பத்திரம். பழகிய கதைதான். ஆனால் பக்கத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கதைக்குப் பின்னால் வேறொரு உலகம் வந்து நிற்கிறது. ஒரு பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம். இன்னொன்றில் வத்தக்குழம்புக் குறிப்பு. புளியைக் கரைத்து ஊற்றும் இடத்தோடு முடிந்துவிடுகிறது, மீதி யார் வீட்டுக் குப்பையில் போனதோ. நகைச்சுவைத் துணுக்கு ஒன்று, கேள்வி பதில் பாதி. நூலாக வந்த பதிப்பில் இதெல்லாம் கிடைக்காது. படங்களும் கிடைக்காது. மணியம் செல்வன், ஜெயராஜ், மாருதி என்று ஒவ்வொருவர் கோட்டையும் அத்தை பெயரைப் பார்க்காமலே சொல்கிறார். கதாநாயகிக்கு முகம் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான்.

23ஆம் அத்தியாயம் இல்லை. 22க்குப் பிறகு நேராக 24. தங்கை பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்ற இடம். எனக்குத் தாங்கவில்லை.

“அந்த வாரப் புக்க மாடி வூட்டுக்காரி கேட்டா, குடுத்தேன். வியாசர்பாடிக்கு வீடு மாத்திக்கினு போனவ, அதையும் எடுத்துக்கினே போய்ட்டா” என்றார் அத்தை. மாமா அப்போது ஒவ்வொரு ஞாயிறும் மூர் மார்க்கெட் போகிறவர். விட்டுப்போன இதழ்களை அங்கே பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்துவிடுவாராம். இதையும் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. சூளூர்ப்பேட்டை வண்டிக்கும் திருவள்ளூர் வண்டிக்கும் ஓடுகிறவர்களுக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’ என்ற பெயர் மட்டும் மிச்சம். மாமா எரிந்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

“கடைசியில அவ கையெழுத்துப் போட்டாளா அத்தை?”

“போடுவாளா? அண்ணன் மூஞ்சி எதிரிலேயே கிழிச்சுப் போட்டா. நான் படிச்சுட்டுத்தானே குடுத்தேன்.”

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். தெருமுனை அம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை கூழ். பாட்டு எனக்குப் பிடித்த பாட்டுகள்தான். அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் குழல் எங்கள் ஜன்னலைப் பார்த்தா இருக்க வேண்டும்? பையன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தோடு மொட்டை மாடிக்கும் கீழுக்குமாக அலைகிறான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் போய்ப் பேசினார். பத்தரைக்கு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு அத்தியாயம் படித்தோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஷேர் ஆட்டோவில் மின்ட் போனேன். தங்கசாலைப் பக்கம் ஒரு சந்தில் பைண்டர் பாய் இருக்கிறார் என்று பையனின் டியூஷன் வாத்தியார் சொல்லியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் அச்சு வேலை மும்முரமாக நடந்த பகுதி இது. ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடமும் தங்கசாலையில்தான் இருந்தது. இப்போது கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் காலண்டருமாக இருந்தாலும், சந்துக்குள் நுழைந்தவுடன் மை வாசனையும் தாள் வெட்டும் சத்தமும் இருக்கத்தான் செய்கிறது.

பாய் தொகுதியை வாங்கியதும் திறக்கவில்லை. முதலில் முதுகைத் தடவிப் பார்த்தார், அப்புறம் மூலையை லேசாக வளைத்தார். “இதெல்லாம் ஒத்தத் தாளும்மா. பெரிய தாளை ஃபாரமா மடிச்ச புக்கா இருந்தா மடிப்புல தைக்கலாம். இது கிழிச்ச பேப்பர், மடிப்பே கிடையாது. ஓரத்துலதான் குத்தித் தைக்கணும்.” துருப்பிடித்த கம்பியைச் சிறு குறடால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். வெடுக்கென்று இழுத்தால் தாள் வந்துவிடும் என்று நிறுத்தி நிறுத்தித்தான் செய்தார். பத்து இருபது தாளாகச் சேர்த்து விளிம்பைத் தட்டிச் சமன்படுத்தி, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலைக் கோத்துக் காட்டினார். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் கலப்பாராம். அப்போதுதான் பூச்சி கிட்டே வராது. அந்தப் பசை டப்பாவின் விளிம்பு நீலம் பூத்துக் கிடந்தது.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஓரத்தை வெட்ட வேண்டாம். மெஷினில் மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் படங்களின் ஓரம் போய்விடும். ஓவியர் கையெழுத்தே பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருக்கிறது. பாய் ஒரு நிமிஷம் யோசித்து, “சரி, தட்டி மட்டும் வச்சுத் தரேன். ஓரம் ஏத்த இறக்கமா இருக்கும், அப்புறம் கேக்கக் கூடாது” என்றார். தொகுதிக்கு 250 ரூபாய். 23ஆம் அத்தியாயம் கொண்டுவருகிறேன், அதுவரை தைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ஏழுகிணறு. 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் வந்த பெயர். வள்ளலார் இளம் வயதில் குடியிருந்த வீடும் இங்கேதான், வீராசாமித் தெருவில். இங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வணங்கிவிட்டு வருவாராம். மின்ட் பேருந்து நிலையத்துக்கே வள்ளலார் நகர் என்று பெயர். பாரிமுனைப் பக்கம் போய்ப் பையனுக்கு அத்தோ பார்சல் வாங்கினேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் வறுத்த வெங்காயமும் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, தனியாக வாழைத்தண்டு சூப். வீட்டுக்கு வருவதற்குள் பேஜோ நமுத்துவிட்டது. அதை அங்கேயே நின்று சாப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

23ஆம் அத்தியாயத்துக்காக, அந்தக் கதை நாவலாக வந்த புத்தகத்தைக் கிளை நூலகத்தில் தேடலாம் என்றால் வெள்ளிக்கிழமை விடுமுறை. திங்கள்வரை பொறுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கூழ் வார்த்தார்கள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். தூக்குவாளி எடுத்துக்கொண்டு தெருவே வரிசையில் நின்றது. எங்கள் ஜன்னல் பக்கம் குழல் கட்டிய பையன்தான் என் வாளியில் கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றினான். வருஷத்தில் இந்த ஒரு நாள் கூழுக்கு ஈடாக எந்தச் சாப்பாடும் கிடையாது. மதியம் தரையில் படுத்து, மின்விசிறிக் காற்றில் இன்னொரு தொகுதியைப் புரட்டினேன். தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நூலகத்தில் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை. அவர் பிறந்தநாளைத்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. நான் கேட்ட நாவல் மேல் தட்டில், கடைசியாக எப்போது யார் எடுத்தார்கள் என்று தெரியாத நிலையில் இருந்தது. நூலகர் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் கிளை நூலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறோம். இந்த அலமாரிகள் நம் காசில் நிற்பவை. ஆனால் எங்கள் கிளையில் மதியம் பூட்டு, இருக்கிற மேஜையில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கே இடம் போதாது, பெண்கள் உட்கார்ந்து படிக்கத் தோதான ஒரு மூலை இல்லை. வீட்டு வேலை முடிந்து எனக்குக் கிடைக்கும் நேரமே மதியம்தான். மதியத்தில் திறந்துவைத்தால் இந்தத் தெருக்களிலிருந்து எத்தனை பெண்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இதைக் கோரிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டும் வந்தேன்.

வீட்டுக்கு வந்து 23ஆம் அத்தியாயத்தை அத்தைக்குப் படித்தேன். தங்கை கையெழுத்துப் போடுகிறாள். சத்தமே இல்லாமல், பேனாவை மூடி அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கிறாள்.

அத்தை வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “புக்கா போடும்போது மாத்திட்டாங்க” என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

இரவு மின்சாரம் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அத்தை அவருடைய 23ஆம் அத்தியாயத்தை முழுவதுமாகச் சொன்னார். தங்கை கட்டியிருந்த புடவை நிறம், பத்திரத்தைக் கிழித்தபோது மூத்த அண்ணி சமையலறையில் தட்டைப் போட்டு உடைத்தது, கிழிந்த துண்டுகளைச் சின்ன அண்ணன் பொறுக்கியது. வக்கீல் கதாபாத்திரம் பேசுவது அப்படியே வக்கீல் பேச்சாக இருந்தது. பாட்டி சொல்லச் சொல்லப் பையன் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். “ஆயா, இதுதான் சூப்பர்” என்றான்.

பத்திரிகையில் மாறி வந்ததா, இத்தனை வருஷத்தில் அத்தையின் மனதில் கதை இப்படி வளர்ந்ததா, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மாமா காலமான பிறகு இந்த வீட்டுப் பத்திரத்துக்காக அத்தை யாரிடமெல்லாம் பேசி நின்றார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன அத்தியாயத்தை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

நேற்றும் இன்றும் உட்கார்ந்து அத்தை சொன்னதை வெள்ளைத் தாளில் எழுதி முடித்தேன். ஓரத்தில் தைக்க இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதினேன். நூலகப் பிரதியின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. இரண்டையும் பாயிடம் கொடுத்தேன்.

“எது முன்னாடி வரணும்?” என்று கேட்டார்.

அத்தைக்குப் போன் போட்டேன். “என்னுது முன்னாடி” என்றார், யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

தொகுதி வந்துவிட்டது. கருஞ்சிவப்புக் காலிகோ துணி முதுகு, மேலட்டைக்கு மார்பிள் பேப்பர். ஓரங்கள் பாய் சொன்னபடி ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கின்றன. ஓவியர் கையெழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. நடுவில் என் கையெழுத்துப் பக்கங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. ஓரத் தையல் என்பதால் விரித்தால் தானாக மூடிக்கொள்கிறது, ஒரு கையால் அழுத்திப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். சப்பாத்திக் கட்டையை மேலே வைத்துப் படித்தேன்.

மாலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, “எனக்குக் குடு, ஒரு வாரத்துல தரேன்” என்றார். எனக்குக் கொடுக்க ஆசைதான். அத்தை எழுந்துபோய்த் தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, அடுத்த சனிக்கிழமைத் தாளில் அக்காவின் பெயரை எழுதச் சொன்னார். “வீடு மாத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு” என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பெட்டியிலிருந்து அடுத்த தொகுதியை எடுத்து மடியில் வைத்தாயிற்று. இதில் எட்டாம் அத்தியாயம் பாதிக்கு மேல் பூச்சி அரித்திருக்கிறது.