ஏர்போர்ட் ஆபரேஷன்ஸ் நேர்முகத் தேர்வு: முதலில் யாருக்குச் சொல்வீர்கள்?

விமான நிலைய மேலாண்மை படிக்கிறேன் என்று சொன்னால், செக்-இன் கவுன்டரில் உட்காரும் வேலைதானே என்பார்கள். அது பெரும்பாலும் விமான நிறுவனமோ, தரையில் பயணிகளையும் பெட்டிகளையும் கவனிக்கும் கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனமோ பார்க்கும் வேலை. பைலட்டோடு பேசும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னொரு உலகம், அதற்குத் தனி உரிமம் வேண்டும். விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓடுபாதை பயன்படுத்தும் நிலையில் இருக்கிறதா, எந்த விமானம் எந்த ஸ்டாண்டில் (நிறுத்துமிடத்தில்) நிற்கும், எந்த பெல்ட்டில் பெட்டிகள் வரும், ஏதாவது கெட்டுப்போனால் யார் ஓடி வருவார்கள் என்பதெல்லாம் இவர்கள் தலையில்தான் விழும். எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று தெரியாமல் விண்ணப்பித்தவர்கள் நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தேர்வுகளில் வரையறை கேட்பது குறைவு. ஒரு சூழலைச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு வந்த கேள்வி இது: ஸ்டாண்டில் நிற்கும் விமானம் 40 நிமிடம் தாமதம். அதே ஸ்டாண்டுக்கு வர வேண்டிய விமானம் இன்னும் 10 நிமிடத்தில் தரையிறங்கும். என்ன செய்வீர்கள்?

வேறு ஸ்டாண்ட் கொடுப்பேன் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்பவர் காத்திருப்பது அதற்கு அடுத்த வாக்கியத்துக்கு. மாற்று ஸ்டாண்டில் அந்த விமானத்தின் இறக்கை அடங்குமா? அது சர்வதேச விமானம் என்றால் பயணிகளைக் குடியேற்றச் சோதனைக்குக் கொண்டுபோக அங்கிருந்து வழி இருக்கிறதா? எட்ட நிற்கும் ஸ்டாண்ட் என்றால் பஸ் வேண்டும், படி வேண்டும், சக்கர நாற்காலிப் பயணிக்கு லிஃப்ட் வண்டி வேண்டும். கோபுரத்துக்கு உடனே சொல்ல வேண்டும். ஹேண்ட்லிங் ஆட்கள் பழைய ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களை நகர்த்த வேண்டும். பெல்ட் மாறினால் டெர்மினல் திரையும் மாற வேண்டும். சரியான விடை என்று ஒன்று இல்லை. யாருக்கு, எந்த வரிசையில் சொல்கிறீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

அதனால் விதிகளையும் இப்படியே படியுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 14ஆம் இணைப்புதான் விமான நிலையங்களுக்கான அடிப்படை ஆவணம். அதைக் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படித்தால் தூக்கம்தான் வரும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், இது மீறப்பட்டால் யாருக்கு முதல் போன் என்று எழுதிக்கொண்டே போனேன். உதாரணமாக, விபத்து நடந்தால் முதல் தீயணைப்பு வண்டி ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எத்தனை வண்டிகள், எவ்வளவு நுரை என்பதை வந்துபோகும் விமானங்களின் அளவு தீர்மானிக்கிறது. சரி, ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டது. மாற்று வண்டி இல்லையென்றால் நிலையத்தின் தீயணைப்பு வகைத் தரம் இறங்கக்கூடும். உடனே கோபுரத்துக்குத் தகவல், நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ எச்சரிக்கை அறிவிப்பு) வெளியீடு, பெரிய விமானம் இயக்கும் நிறுவனங்களுக்கு அறிவிப்பு. மனப்பாடம் செய்த 3 நிமிடம் ஒரு வரி. பழுதான வண்டியிலிருந்து யோசித்தால் அதே விதி முழுப் பதிலாகிவிடும்.

எண்களில் சிலவற்றை விரல்நுனியில் வைத்திருப்பது நல்லது. விமானத்தின் அளவைச் சொல்லும் எழுத்துக் குறியீட்டில் ஏ320, போயிங் 737 போன்றவை 'சி'யில் வரும், அதாவது இறக்கையின் மொத்த நீளம் 36 மீட்டருக்குள். 777-300இஆர், ஏ350 'இ'. ஏ380 'எஃப்'. 2021 நவம்பரிலிருந்து ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஈரநிலைக்கும் 6 முதல் 0 வரை எண் கொடுத்து அறிவிக்கிறார்கள். உலர்ந்திருந்தால் 6. பழைய குறிப்புகளில் இது இருக்காது, கவனம்.

ஓடுபாதை ஆய்வைப் பற்றிக் கேட்டால் 2000 ஜூலை 25 கான்கார்ட் விபத்தை எடுத்துப் பேசலாம். முன்னால் கிளம்பிய விமானத்திலிருந்து விழுந்த ஓர் உலோகப் பட்டை டயரைக் கிழித்தது. 113 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் கிடக்கும் சின்னப் பொருளுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அதிகம் உதவியது பாடப் புத்தகம் அல்ல, வரைபடம். பல நாடுகள் தங்கள் விமான நிலையத் தகவல்களைத் தொகுத்த ஏஐபி என்ற அதிகாரபூர்வ ஆவணத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு விமான நிலையத்தின் தரை வரைபடமும் இருக்கும். ஒன்றை அச்செடுத்து, 27 என்று எண்ணிட்ட ஓடுபாதையில் இறங்கிய விமானத்தை விரலால் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே திரும்பும், எந்த டாக்ஸிவே (ஓடுபாதைக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே விமானம் ஊர்ந்து போகும் பாதை) குறுகல், எங்கே இரண்டு விமானம் எதிரெதிரே மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். விளக்குகளையும் சேர்த்துப் படியுங்கள்: டாக்ஸிவே ஓரம் நீலம், நடுக்கோடு பச்சை, நிறுத்தக்கோடு சிவப்பு. ஏர்சைடு, அதாவது விமானங்கள் நடமாடும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான வாகன அனுமதித் தேர்வுக்கு இது அப்படியே பயன்படும். இரவில் மழையோடு அந்தச் சோதனை வந்தால், நிறம் தெரிந்தவர் மட்டும்தான் நிதானமாக ஓட்டுவார்.

படிப்பைப் பொறுத்தவரை, பட்டமா டிப்ளமாவா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் இடத்தில், ஏர்சைடுக்குள் பயிற்சி உண்டா, எத்தனை வாரம் என்று மட்டும் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் கிளம்பிவிடலாம். விமான நிலையங்களின் சர்வதேச அமைப்பான ஏசிஐயும் ஐசிஏஓவும் சேர்ந்து நடத்தும் ஆம்பாப் என்ற மேலாளர் பயிற்சி மதிப்புள்ளது. ஆறு பாடங்கள், மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அது வேலையில் இருந்து மேலே போகிறவர்களுக்கு. இப்போதே அதைத் துரத்த வேண்டியதில்லை.

ஷிப்ட் வேலை என்பதைத் தேர்வுக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், இரவுப் பணி இல்லாத ஆரம்பநிலை வேலை அரிது. தேர்வான பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் ஏர்சைடு பாஸ் வராது. முன்பு எங்கே இருந்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், இடையில் சும்மா இருந்த மாதங்கள் எவை என்பதற்கெல்லாம் காகிதம் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே அந்தக் கோப்பைச் சேர்க்கத் தொடங்குங்கள்.